சேராத பாகமாப் பார்த்துக் குடுங்க

“சார், இந்த பிராசசர் இந்த மதர்போர்டுல உட்காராது.”

“உறுதியா உட்காராதா?”

“சத்தியமா உட்காராது. அது ஒரு கம்பெனி, இது வேற கம்பெனி. அளவே வேற.”

“கொஞ்சம் அழுத்திப் பார்த்தா?”

“அழுத்தினா உடையும் சார்.”

“ரொம்ப நல்லதாப் போச்சு. ரெண்டையும் பில் போடுங்க.”

கடைக்காரர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியில் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு எதிரில் நின்றவரைப் பார்த்தார். கசங்காத சட்டை, பையில் இரண்டு பேனா, வழித்து வாரிய தலை. பார்த்தால் புத்தி தடுமாறியவர் மாதிரி தெரியவில்லை. பில் போட்டுக் கொடுத்துவிட்டார்.

வாங்கியவர் பாட்டில் மூடி செய்யும் தொழிற்சாலையில் தரம் பார்க்கிறவர். ஒரு மூடியை விரலிடுக்கில் வைத்து ஒரு சுற்றுச் சுற்றினால் போதும், அது எந்தக் கழுத்தில் உட்காரும், எதில் ஒழுகும் என்று சொல்லிவிடுவார். லாரி லாரியாக மூடிகளைத் திருப்பி அனுப்பியிருக்கிறார். தொழிற்சாலையில் அவருக்கு முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர் ரிஜெக்ட் சார். அது அவருக்கும் தெரியும். உள்ளூரக் கொஞ்சம் பெருமைதான்.

பொருந்தாததை எல்லாம் வெளியே தள்ளுவதே பிழைப்பாக இருந்த மனிதர், வாழ்க்கையில் முதல் தடவையாகப் பொருந்தாததைத் தேடிப் பிடித்துக் காசு கொடுத்து வாங்கி வீட்டுக்குக் கொண்டுபோனார். அதற்குக் காரணம் அவருடைய வாய்.

போன வாரம் சாப்பிட உட்கார்ந்தபோது மகள் மெதுவாகக் கேட்டாள். “அப்பா, நம்ம வீட்டுக்கு ஒரு கேமிங் கம்ப்யூட்டர் வாங்கலாமாப்பா?”

அன்றைக்கு முதலாளி அவரை எல்லார் முன்னாலும் பாராட்டியிருந்தார். மனசு பறந்துகொண்டிருந்தது.

“வாங்கிட்டாப் போச்சு! இந்த மாசமே வாங்கிடலாம். பாகம் பாகமா நானே பார்த்து வாங்கித் தரேன்.”

“நிஜமாவா சொல்றீங்க?” என்று மனைவி கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள். “அப்புறம் பேச்சு மாறக்கூடாது.”

“நான் என்னிக்குப் பேச்சு மாறியிருக்கேன்?”

மறுநாள் காலையில் பல் தேய்க்கும்போதுதான் மகளுக்கு இறுதிப் பரீட்சை நெருங்குகிறது என்பது ஞாபகம் வந்தது. பிரஷ் வாயிலேயே நின்றுவிட்டது. அண்ணன் மகன் கண் முன்னால் வந்து நின்றான். அவனும் படிக்கத்தான் என்று கம்ப்யூட்டர் வாங்கினான். இன்றுவரை காலேஜில் முதல் வருஷத்தைத் தாண்டவில்லை. யாராவது பேர் சொல்லிக் கூப்பிட்டால் கூட “ஒரு நிமிஷம், செத்துட்டு வரேன்” என்றுதான் பதில் சொல்கிறான்.

ரிஜெக்ட் சார் வாயைக் கொப்பளித்துவிட்டு மனைவியிடம் போனார்.

“பரீட்சை முடியட்டுமே. அப்புறமா வாங்கிக்கலாம்.”

“அவ படிப்பை அவ பார்த்துப்பா. பெத்த பொண்ணுகிட்டச் சொன்ன சொல்லை ராத்திரி தூங்கி எந்திரிக்கிறதுக்குள்ள மாத்தினா, நாளைக்கு நம்மளை எப்படி மதிப்பா?”

மனைவி மருந்துக்கடையில் மருந்து எடுத்துக் கொடுக்கிறவள். எதையும் குரலை உயர்த்தாமல் சொல்வாள். சொன்னால் அதற்கு மேல் பேச்சிருக்காது.

பேச்சும் மாறக்கூடாது, கம்ப்யூட்டரும் ஓடக்கூடாது. யோசித்து யோசித்து அவருக்கு ஒரு வழி தெரிந்தது. வாங்குவதை வாங்கிக்கொண்டே இருப்பது. ஒன்றோடு ஒன்று சேராததாகப் பார்த்து வாங்குவது. மாற்றுவதும் திருப்புவதுமாகப் பரீட்சை வரைக்கும் இழுத்துவிடலாம். தன் தொழில் திறமை குடும்பத்துக்குப் பயன்படப் போகிறது என்று அவருக்குக் கொஞ்சம் உற்சாகம்கூட வந்தது.

அன்று வாங்கிவந்த பெட்டிகளைப் பிரித்த மகள் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள்.

“அப்பா, இது ரெண்டும் சேராதுப்பா.”

“என்னது! சேராதா?” ரிஜெக்ட் சார் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். “அந்தக் கடைக்காரன் என்னை ஏமாத்திட்டானா? கேக்க ஆள் இல்லைன்னு நினைச்சுட்டானா?”

இங்கேதான் நடிப்பு கொஞ்சம் மிஞ்சிப்போனது. அடுப்படியிலிருந்து மனைவி எட்டிப் பார்த்தாள்.

“அப்படியா? அப்போ இப்பவே போய்க் கேளுங்க. பாப்பாவையும் கூட்டிட்டுப் போங்க, அவளுக்குத்தான் விவரம் தெரியும்.”

“நீயும் வாயேன்.”

“எனக்கு அங்க என்ன வேலை? நீங்க போயிட்டு வாங்க.”

வேறு வழியில்லாமல் மகளோடு கடைக்குப் போய் நின்றார். கவுண்டரில் பெட்டிகளைத் தொப்பென்று வைத்தார்.

“என்னங்க இது? சேராத சாமானைக் கட்டிக் குடுத்திருக்கீங்க!”

கடைக்காரர் வாயைத் திறந்தார். “சார், நான்தான் அப்பவே...”

மகளுக்குத் தெரியாமல் ரிஜெக்ட் சார் கண்ணடித்தார். கடைக்காரருக்குப் புரியவில்லை. இன்னும் பலமாகக் கண்ணடித்தார். கன்னம், மூக்கு, காது எல்லாம் சேர்ந்து துடித்தது. கடைக்காரர் அவரைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். பொண்ணுக்குத் திடீரென்று பெரியதாக ஒன்று கொடுத்து ஆச்சரியப்படுத்தப் பார்க்கிறார் மனுஷன் என்று முடிவு கட்டினார்.

“மன்னிச்சுக்குங்க சார், தப்பு எங்க மேலதான்” என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். அந்த மதர்போர்டுக்குப் பதிலாக அதைவிட ஒசத்தியான ஒன்றை எடுத்து வந்தார். “இது அந்த பிராசசருக்குன்னே பிறந்தது. விலை வித்தியாசத்தை மறந்துடுங்க. பாப்பாவுக்கு எங்க கடை அன்பளிப்பு.”

பணத்தை எடுப்பதுபோல் பாவனை செய்ய ரிஜெக்ட் சார் சட்டைப் பையில் கை விட்டபோது அவருடைய விசிட்டிங் கார்டு நழுவிக் கவுண்டரில் விழுந்தது. கடைக்காரர் குனிந்து படித்தார். தர ஆய்வாளர் என்று எழுத்துக்கள் புடைத்து நின்றன. கீழே கம்பெனி பெயர் சுருக்கமாக இருந்ததில் மூடி என்ற வார்த்தையே இல்லை.

கடைக்காரர் முதுகு தானாக நிமிர்ந்தது. சேராது என்று தெரிந்தும் வாங்கிக்கொண்டு போனவர். வாங்கின கையோடு திரும்பி வந்து சண்டை போட்டவர். நடுவில் அந்தக் கண்ணடிப்பு வேறு. எல்லாம் பளிச்சென்று விளங்கிவிட்டது. கடை கடையாகப் போய், வியாபாரி உண்மை பேசுகிறானா என்று சோதித்துப் பார்க்கிற ஆள்!

“சார், இனிமே உங்களுக்கு என்ன வேணும்னாலும் நேரா என்கிட்ட வாங்க” என்றார் பயபக்தியோடு.

ரிஜெக்ட் சாருக்கு அந்த மரியாதை எதற்கென்று புரியவில்லை. வீடு திரும்பும் வழியில் மகள் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு இயற்பியல் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டு வந்தாள். நடிப்பு, சுத்த நடிப்பு என்று அவர் நினைத்துக்கொண்டார். அவரும் நடித்துக்கொண்டிருந்ததால் ஊரே நடிப்பதாகப் பட்டது.

அடுத்த முயற்சியில் சாமர்த்தியம் கூடியிருந்தது. திரையில் படம் துல்லியமாகத் தெரிவதற்கான கிராஃபிக்ஸ் கார்டு என்று ஒன்று உண்டு. கடையில் இருந்ததிலேயே நீளமானதாக, மூன்று விசிறி வைத்ததாக அதைத் தேர்ந்தெடுத்தார். பிறகு, எல்லாவற்றையும் அடைக்கிற கேபினட்டில், இருந்ததிலேயே குட்டியானதைக் காட்டி அதைக் கேட்டார்.

“சார், இந்தக் கார்டு இந்தப் பெட்டிக்குள்ள போகாது. பாதி வெளிய நீட்டிக்கிட்டு நிக்கும்” என்றார் கடைக்காரர் சத்தமாக, ஏதோ நீதிமன்றத்தில் சாட்சி சொல்கிறவர் மாதிரி. “நான் சொல்லிட்டேன். சொன்னதைக் குறிச்சுக்குங்க.”

“குறிச்சுக்கிட்டேன். கட்டுங்க.”

வீட்டில் மகள் கார்டை நீளவாக்கில் வைத்துப் பார்த்தாள், குறுக்கே வைத்துப் பார்த்தாள்.

“அப்பா...”

“போகலியா? அடடா!” ரிஜெக்ட் சார் தலையில் கை வைத்தார். “இன்னும் பெரிய பெட்டி வரவழைக்கணும்னா ரொம்ப நாளாகுமாம். கடைக்காரர் சொன்னார். என்ன பண்றது, பொறுமையா இருப்போம். அதுவரைக்கும் நீ படி கண்ணு.”

“பெட்டிதானே?” என்றாள் மனைவி, ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே. “என் தம்பி வீட்டுல பெருசா ஒண்ணு சும்மா கிடக்கு. இப்பவே கொண்டு வரச் சொல்றேன்.”

மச்சான் அன்று மாலையே கொண்டுவந்தான். பெட்டி என்று சொன்னது மரியாதைக்கு. அதில் ஒரு ஆளைக் குடிவைக்கலாம். ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடி. உள்ளே நாலா பக்கமும் கலர் விளக்கு. மேசை மேல் வைத்தால் மேசை முனகியது.

“இது இங்க நிக்காதே” என்று ரிஜெக்ட் சார் முகத்தை வருத்தமாக வைத்துக்கொண்டு சொன்னார்.

“உங்க மேசை தாங்கும்” என்றாள் மனைவி.

அவர் மேசை ஜன்னல் ஓரமாக, காற்று வருகிற இடத்தில் இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் பேப்பர் படிக்கிற இடம். பக்கத்தில் அவருடைய சாய்வு நாற்காலி. அரை மணி நேரத்தில் மேசை காலியானது. நாற்காலி இடைஞ்சல் என்று பால்கனிக்குப் போனது. துணி காயப்போடும் கொடிக்குக் கீழே உட்கார்ந்து அவர் பேப்பர் படிக்க ஆரம்பித்தார். தலைக்கு மேல் அவருடைய சட்டைகளே சொட்டிக்கொண்டிருந்தன.

அங்கே உட்கார்ந்துதான் அடுத்த திட்டம் போட்டார். ராம். நினைவகத்துக்கான சின்னப் பட்டை. பழைய தலைமுறை ராமை எடுத்துப் புதிய மதர்போர்டில் செருகினால் செருகாது. பட்டையின் விளிம்பிலுள்ள வெட்டு மயிரிழை தள்ளி இருக்கும். கடையில் இரண்டையும் உள்ளங்கையில் வைத்து அவர் ஒப்பிட்டுப் பார்த்தபோது, அந்த மயிரிழை வித்தியாசம் அவர் தொழில் மனசை என்னவோ செய்தது. எத்தனை அழகான ரிஜெக்ட்! பார்வைக்குத் தெரியாது, கைக்கு மட்டும் தெரியும்.

“இதைக் குடுங்க.”

“சார்” என்று கடைக்காரர் குரலைத் தாழ்த்தினார், “இன்னும் எத்தனை தடவைதான் சோதிப்பீங்க? எனக்குத் தெரிஞ்சுபோச்சு சார்.”

ரிஜெக்ட் சார் ராமைக் கவுண்டரில் வைத்துவிட்டார். “என்ன... என்ன தெரிஞ்சுபோச்சு?”

“நீங்க யாருன்னு. எதுக்கு இப்படிப் பண்றீங்கன்னு. நான் யார்கிட்டயும் மூச்சு விடமாட்டேன்.”

“வீட்டுல சொல்லிடாதீங்க” என்றார் ரிஜெக்ட் சார் பலவீனமாக.

“வீட்டுக்கே தெரியாதா!” கடைக்காரர் அசந்துபோனார். இவ்வளவு ரகசியமான வேலை என்று அவர் எதிர்பார்க்கவில்லை. ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரவைத்தார். காபி வந்தது. பழைய ராம் போன இடம் தெரியவில்லை. புதிய ராம், கேட்டதைப்போல இரண்டு மடங்கு, ஜோடியாகப் பையில் ஏறியது. கையோடு, மெஷினுக்குக் கரண்டு கொடுக்கிற பவர் சப்ளையும் ஏறியது. ரிஜெக்ட் சார் சுண்டைக்காய் அளவில் ஒன்றைக் காட்ட, கடைக்காரர் “என்னைச் சிரிக்க வைக்காதீங்க சார்” என்று சொல்லி, செங்கல் கனத்துக்கு ஒன்றை எடுத்து வைத்தார். கேட்ட விலை என்னவோ சுண்டைக்காயின் விலைதான்.

“இதை நீங்க வீட்டுல சேர்க்க வேண்டாம். ஞாயித்துக்கிழமை நானே நேர்ல வந்து சேர்த்துத் தரேன். எங்க சேவை எப்படின்னு நீங்களே பாருங்க.”

தடுக்கத் தடுக்க ஒரு சாதாரண மெஷின் படிப்படியாக ராட்சதனாக வளர்ந்துகொண்டிருந்தது. அதை நினைத்தபோது ரிஜெக்ட் சார் காபியைப் பாதியில் கீழே வைத்துவிட்டார்.

கடைசி ஆயுதமாக வீட்டு ஒயரிங் இருந்தது. பழைய கட்டடம். மிக்ஸியும் இஸ்திரிப் பெட்டியும் ஒன்றாக ஓடினாலே விளக்கு மினுக்கும்.

“ஒரு விஷயம் சொல்றேன், யாரும் மனசு உடையக்கூடாது” என்று சனிக்கிழமை காலையில் மனைவியையும் மகளையும் கூட்டிவைத்துச் சொன்னார். “நம்ம வீட்டுக் கரண்டு இதைத் தாங்காது. தீப்பிடிச்சுடும். உயிரா, விளையாட்டா?”

மகள் தோளைக் குலுக்கிவிட்டு வேதியியல் புத்தகத்தோடு உள்ளே போய்விட்டாள். அவளுடைய அந்த அலட்சியம்தான் அவரைப் பயமுறுத்தியது. இவ்வளவு தடங்கலுக்கும் அழவில்லை, அடம் பிடிக்கவில்லை. எவ்வளவு ஆழமான பெண்!

“நானும் அதைத்தான் யோசிச்சேன்” என்றாள் மனைவி. “எலக்ட்ரீஷியன் நேத்தே வந்து பார்த்துட்டுப் போயிட்டார். தடியா தனி ஒயர் இழுக்கிறாராம். இன்னிக்கு மத்தியானம் வரார்.”

“நேத்தேவா? எனக்கு ஒரு வார்த்தை சொல்லலியே!”

“நீங்க பால்கனியில இருந்தீங்க.”

எலக்ட்ரீஷியன் வந்தார். சுவரை உடைத்தார். ஒயர் போகிற வழியில் மாட்டியிருந்த ரிஜெக்ட் சாரின் நற்பணிச் சான்றிதழைக் கழற்றி ஷூ அலமாரி மேல் வைத்தார். மாலைக்குள் அந்த மூலையில் மட்டும் ஒரு தொழிற்சாலையே ஓட்டுகிற அளவுக்குக் கரண்டு வந்து நின்றது.

ரிஜெக்ட் சார் கையை விரித்துவிட்டார். இனி காவல் காப்பது ஒன்றுதான் பாக்கி. பரீட்சை வரைக்கும் தினமும் சாயந்திரம் அந்த மெஷினுக்கு முன்னால் தானே உட்கார்ந்துகொள்வது, மகள் பக்கத்தில் வந்தால் பேப்பரை விரித்துக்கொள்வது என்று தீர்மானித்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கடைக்காரர் கருவிப் பையோடு வந்து இறங்கினார். மனைவி அவர் வருவதற்குக் கொஞ்சம் முன்னால்தான் செருப்பை மாட்டினாள்.

“இன்னிக்கு லீவுதானே உனக்கு?”

“ஸ்டாக் பார்க்கணும்னு கூப்பிட்டாங்க. அவர் வேலையை முடிச்சுட்டுக் கிளம்பினதும் ஒரு போன் போடுங்க.”

கடைக்காரர் மேசைக்கடியில் பாதி உடம்பை நுழைத்துக்கொண்டு வேலை பார்த்தார். ஒவ்வொரு திருகை முடுக்கும்போதும் “சரியா இருக்கா சார்?” என்று கேட்டார். ரிஜெக்ட் சாரும் பழக்க தோஷத்தில் விரலால் தடவிப் பார்த்து, “இது கொஞ்சம் லூசு” என்றார். பகையாளியின் வாளைத் தானே தீட்டிக் கொடுக்கிறோமே என்று ஒரு கணம் தோன்றியது. ஆனாலும் ஒரு திருகு லூசாக இருப்பதை அவரால் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

போன் அடித்தது.

“கிளம்பிட்டாரா?” மனைவியின் குரல்.

“இன்னும் இல்ல.”

கொஞ்ச நேரத்தில் மறுபடி. “போயிட்டாரா?”

“ஒயரைக் கட்டிக்கிட்டிருக்கார். எதுக்கு இப்படிப் பறக்கிற?”

“சும்மாதான். தூசி பெருக்கணுமே.”

“முடிஞ்சாச்சு சார்” என்று மேசைக்கடியிலிருந்து குரல் வந்தது. “நானும் சீக்கிரம் போகணும். கடைக்கு மாடியில கேம் ஆடற கூடம் ஒண்ணு வச்சிருக்கேன். மத்தியானம் ஆச்சுன்னா கூட்டம் தாங்காது.”

“எல்லாம் படிக்கிற பிள்ளைங்களா?” என்று ரிஜெக்ட் சார் கவலையோடு கேட்டார்.

“எல்லாரும்தான் சார். வயசு என்ன வயசு!”

பட்டனை அழுத்தினார். ராட்சதன் கண் விழித்தான். மூன்று விசிறியும் சுழன்றன. சிவப்பும் பச்சையும் நீலமும் மாறி மாறிக் கூரையில் ஓடின. அறை ஏதோ கல்யாண மண்டபம் மாதிரி ஆகிவிட்டது. சத்தமே இல்லை, ஒரு நடுக்கம்கூட இல்லை. எல்லாம் எல்லாவற்றோடும் பொருந்தியிருந்தது. ரிஜெக்ட் சார் குறை சொல்ல ஏதாவது கிடைக்குமா என்று சுற்றிச் சுற்றிப் பார்த்தார். கிடைக்கவில்லை.

“பாஸ் சார்?” என்றார் கடைக்காரர் நடுங்கும் குரலில்.

“பாஸ்” என்றார் அவர், தோற்றுப்போன குரலில்.

கடைக்காரர் கண்ணில் நீர் தளும்பியது. ரிஜெக்ட் சார் அதைக் கவனிக்கவில்லை. உள் அறைக் கதவைத் திறந்து, “கண்ணு, உன் கம்ப்யூட்டர் தயாராயிடுச்சு” என்று குற்றவாளியைச் சிறைக்கு அழைப்பதுபோல் அழைத்தார்.

மகள் புத்தகத்திலிருந்து தலையை எடுக்கவில்லை. “என் கம்ப்யூட்டரா? நான் வீட்டுக்குன்னுதானேப்பா கேட்டேன். எனக்கு நாளைக்கு மாதிரித் தேர்வு. கதவைச் சாத்திட்டுப் போங்க, விளக்கு வெளிச்சம் கண்ணைக் கூசுது.”

அவர் கதவைச் சாத்திவிட்டு, கைப்பிடியை விடாமல் அப்படியே நின்றார். மகள் சொன்னதை மனசுக்குள் இரண்டு தடவை சுற்றிப் பார்த்தார். எங்கேயோ ஒழுகுகிறது, எங்கே என்றுதான் தெரியவில்லை.

அந்த நேரம் பார்த்து வாசல் கதவு திறந்தது. பொறுக்க முடியாமல் மனைவி வந்துவிட்டிருந்தாள். செருப்பைக்கூடக் கழற்றாமல், கைப்பையைத் தோளில் மாட்டியபடியே, கூரையில் ஓடும் விளக்குகளை அண்ணாந்து பார்த்துக்கொண்டே உள்ளே நுழைந்தவள், மேசைக்குப் பக்கத்தில் கருவிகளை அடுக்கிக்கொண்டிருந்த ஆளைக் கண்டதும் சட்டென்று நின்றாள். திரும்பிப் போகலாமா என்று ஒரு கால் பின்வாங்கியது. அதற்குள் அவர் நிமிர்ந்து பார்த்துவிட்டார்.

திருப்புளி அவர் கையிலிருந்து நழுவித் தரையில் உருண்டது. முகம் மலர்ந்தது, மறுகணமே வாடியது.

“அய்யய்யோ, அக்கா! மெஷின் உங்களுக்கா? அப்போ இனிமே மத்தியான நேரத்துல எங்க மாடியில அந்தக் காலேஜ் பசங்களை எல்லாம் யாரு அக்கா சுட்டுத் தள்ளுவாங்க?”